இலண்டன் விலகலும் ஏறாவூர்த் தறியும்

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியமை அந்நாட்டாரின் சொந்த விவகாரம் என்றும், அதுபற்றிக் கிழக்கிலங்கையில் பேசுவது வீண்வேலை என்றும் கருதுவோர் கற்றோரிடையே பலர் உளர். 2016 யூன் 23-இல் நடந்த மக்கள் தீர்ப்பும், 2020 சனவரி 31-இல் நிகழ்ந்த விலகலும், அவ்வாண்டு இறுதியோடு முடிவுற்ற இடைக்கால ஏற்பாடும் இலண்டன் பத்திரிகைகளுக்கு உரிய செய்திகளே என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு பிழையானது, சோம்பலிற் பிறந்தது. பெருநாடுகள் வணிகக் கூட்டுகளிற் சேர்வதும் அவற்றிலிருந்து விலகுவதும் மட்டக்களப்பு வாவிக் கரையில் அடுப்பெரியும் வீடுகளைத் தொட்டே வந்துள்ளன. தொட்ட விதத்தைக் கணக்கெடுக்காதவர்கள் அதனை இல்லை என்கின்றனர்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக அமைந்த ஊர் ஏறாவூர். மருதமுனை, காத்தான்குடி என்பவற்றைப் போலவே இவ்வூரும் கைத்தறிக்குப் பேர்பெற்றது. சாரமும் சேலையும் நெய்த ஊர் ஆதலின், உலக வணிகத்தின் ஏற்றவிறக்கங்கள் இங்கே முதலில் துணியின் வடிவிலேயே வந்து சேர்ந்தன.

1932-இல் ஒட்டாவாவில் பிரித்தானியப் பேரரசு நாடுகள் தமக்குள் வரிச்சலுகை வழங்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. அக்காலத்தில் இலங்கையின் ஏழைகள் உடுத்தியது மலிவான யப்பானியத் துணி. இலங்காசயர் ஆலைகளைக் காக்கும்பொருட்டு அத்துணிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்குமாறு 1934-இல் இலண்டன் பணித்தது. இலங்கை அரசாங்க சபை இணங்க மறுத்தது. மறுத்தும் பயனில்லை, இலண்டனிலிருந்து மன்னரின் கட்டளையாகவே அக்கட்டுப்பாடு திணிக்கப்பட்டது. ஏழையின் இடுப்புத் துணி எந்நாட்டினதாய் இருக்கவேண்டும் என்பதைப் பேரரசின் வணிகக் கூட்டே தீர்மானித்தது. பின்னர் 1973 சனவரி முதலாந் திகதி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தபோது, பிரித்தானியா அதே பழைய சலுகை ஏற்பாட்டைக் கைவிடத் தொடங்கியது. ஆகவே, விலகல் அந்நாட்டுக்குப் புதிதன்று. ஒரு கூட்டை உதறி மறு கூட்டிற் புகுவதும், புகுந்ததை மீண்டும் உதறுவதும் அதன் வழக்கம்.

பழியனைத்தையும் இலண்டன் மீது சுமத்திவிட்டுக் கொழும்பை விடுவிப்பதும் நேர்மையாகாது. 1977-க்கு முன் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு கைத்தறிக்குக் குடையாக இருந்தது. அக்காலம் பொற்காலமன்று. பாணுக்கு வரிசை, நூலுக்குத் தட்டுப்பாடு, கூட்டுறவுச் சங்கத்தில் யார் ஆள் என்று பார்த்து நடந்த பங்கீடு ஆகிய யாவும் அன்று உண்டு. ஆயினும் நெய்த சாரம் விற்றது. 1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு அக்குடை ஒரே நாளில் மடக்கப்பட்டது. விசைத்தறியில் நெய்த வெளிநாட்டுத் துணி கடைகளில் நிறைந்தது. நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. தறி ஓய்ந்த வீட்டில் பெண் என்ன செய்வாள் என்று அத்திட்டத்தை வரைந்தோர் கேட்டதாகத் தெரியவில்லை. வளைகுடா நாடுகளின் சமையலறைகள் அவ்வினாவுக்கு விடையளித்தன.

அதன்பின் வந்தது ஆடைத் தொழிற்சாலை. 1974 முதல் 2004 இறுதிவரை நிலவிய பன்னார் உடன்பாடு, செல்வ நாடுகளின் சந்தையில் நாட்டுக்கு இத்தனை என்று பங்கு வகுத்தமையால், பங்கு தேடிய முதலாளிகள் இலங்கைக்கு வந்தனர். 1992-இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அவற்றைக் கிராமப்புறங்களுக்குப் பரப்பியது. போர் ஓய்ந்த பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்திலும் அத்தொழில் காலூன்றியது. தமிழ்க் கிராமத்து யுவதியும் முஸ்லிம் ஊர் யுவதியும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே உற்பத்தி இலக்கை நோக்கித் தைக்கும் நிலை உருவாயிற்று. 1990-ஆம் ஆண்டின் குருதிக்குப் பின்னர் இவ்விரு சமூகத்தாரும் இவ்வளவு அருகே அமர்ந்த இடங்கள் அதிகமில்லை. இவ்வுண்மையை இன நல்லிணக்கம் பேசும் மேடைகளிற் கேட்க முடியாது.

இத்தொழிலின் உயிர்நாடி வரிச்சலுகை. சாதாரண வரி 12 வீதம். பொதுச் சலுகை பெற்றால் 9.6 வீதம்; ஜீ.எஸ்.பி. பிளஸ் கிடைத்தால் வரியே இல்லை. சிறு இலாபத்தில் ஓடும் தொழிலில் இவ்விடைவெளி வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்டது. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றத் தவறியமைக்காக 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்திலேயே அது மீண்டது. எமக்கு அவர்களின் சலுகை வேண்டாம் என்று அன்று மார்தட்டியவர்களின் வீட்டில் எவரும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்ததில்லை.

இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டியுள்ளது. சலுகையோடு பிணைக்கப்பட்ட 27 உடன்படிக்கைகள் சித்திரவதையை, காரணமற்ற தடுத்துவைப்பை, சிறுவர் உழைப்பைத் தடுப்பவை. 1979-இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குமாறு 2021 யூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் இயற்றியபோது, அது இச்சலுகையையே கையில் வைத்துப் பேசியது. அச்சட்டத்தின் கொடுமையை முன்னர்த் தமிழர் அனுபவித்தனர். 2019-க்குப் பின்னர் முஸ்லிம்களும் அனுபவித்தனர். எனவே, தடுத்துவைக்கப்பட்ட தமையனின் விடுதலைக்காகத் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் தங்கையின் ஊதியத்தைப் பணயம் வைப்பது என்பதே இவ்வேற்பாட்டின் உள்ளடக்கம். சட்டத்தை இயற்றியவர்க்கும் அதனைக் கொண்டு ஆண்டவர்க்கும் இதனால் ஒரு சதமேனும் நட்டமில்லை. உரிமைக்காகப் பேசுவோர் இச்சிக்கலை ஒளிக்கின்றனர். ஏற்றுமதிக்காகப் பேசுவோர் உரிமையை ஒளிக்கின்றனர். இரு தரப்பும் அத்தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிரித்தானிய விலகலின் பயன் இப்பின்னணியிலேதான் விளங்கும். தீர்ப்பு வெளியானதும் 1.50 டொலராக நின்ற பவுண் ஓரிரு நாளில் 1.32 வரை வீழ்ந்தது. இலண்டனில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்தோரின் ஒவ்வொரு பவுணும் சுருங்கியது. அமெரிக்காவுக்கு அடுத்ததாக இலங்கை ஆடைகளைக் கூடுதலாக வாங்கும் தனிநாடு பிரித்தானியா. அங்கே கொள்வனவாளர் விலையைக் குறைக்கக் கேட்டால், அக்குறைப்பு கடைசியில் வந்து விழுவது மேலதிக நேரக் கொடுப்பனவின் மீதே. 2021 முதல், பிரித்தானியக் களஞ்சியத்தில் இறக்கிச் சுங்கம் கழித்த இலங்கை ஆடையை அயர்லாந்துக்கோ பிரான்சுக்கோ மீண்டும் அனுப்பினால், அது சலுகையின்றி மறுபடியும் வரிக்குள்ளாகும். முன்பு ஒரே வாயிலாக இருந்தது இரு வாயில்களாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்திரம், தனித்தனி விதி. பெருந்தொற்றும் 2022-இன் டொலர் வறட்சியும் இக்காலத்திலேயே வந்தமையால், துன்பம் முழுவதையும் விலகலின் தலையில் ஏற்றுதல் தகாது. ஆனால், இரைச்சல் நிறைந்த வீட்டில் ஒரு குரல் கேட்கவில்லை என்பதால் அக்குரல் எழவேயில்லை என்றாகாது.

யாவற்றினும் முதன்மையானது மூலநாட்டு விதி. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை ஆடைக்கு முழுச்சலுகை தரவேண்டுமாயின், ஆடை இங்கே தைக்கப்பட்டால் மட்டும் போதாது. துணியும் இங்கேயோ தென்னாசிய அயல்நாடொன்றிலோ உருவாகியிருத்தல் வேண்டும். சீனத் துணியில் தைத்த சட்டைக்கு அச்சலுகை இல்லை. மிக வறிய நாடாக வகுக்கப்பட்ட வங்காளதேசத்துக்கு இந்நிபந்தனை இல்லை. இதனாலேயே 2020-க்குப் பின்னர், துணியை உள்நாட்டில் உருவாக்கும் பேச்சு வலுப்பெற்றது. ஏறாவூர்ப் பிரதேசத்தின் புன்னைக்குடாக் கடற்கரையோரம் புடைவை உற்பத்தி வலயத்துக்குத் தெரிவாயிற்று. தறி ஓய்ந்த ஊருக்குத் துணி திரும்புகிறது என்று மகிழ்ந்தோர் பலர். மகிழ்ச்சியிற் குற்றமில்லை.

ஆனால், ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியா தன் விதியைத் தானே எழுதத் தொடங்கியது. 2023 யூனில் வளர்முக நாடுகளுக்கான புதிய வணிகத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 2025 யூலையில் அதனை மேலும் தளர்த்தி, துணி எந்நாட்டினதாயினும் இலங்கையில் தைத்த ஆடைக்கு வரியில்லை என்று அறிவித்தது. தையல் தொழிற்சாலைக்கு இது நற்செய்தி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விளைவை நோக்குக: பிரசல்சுக்குத் துணி வேண்டும், இலண்டனுக்கு வேண்டாம். புன்னைக்குடா வலயத்தின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று, அவ்வலயத்தைக் கனவிலும் காணாத ஒரு நாட்டின் விலகலால் பாதி கரைந்துவிட்டது. எஞ்சிய பாதியும் பிரசல்ஸ் தன் விதியை மாற்றாதிருக்கும் வரையில்தான். நிலமோ மாறாது, ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். சாயமிடும் ஆலைக்கு நன்னீர் மிகுதியாக வேண்டும், அது வெளியேற்றும் நீரோ நஞ்சு கலந்தது. மழையை நம்பிக் கிணற்றில் நீரள்ளும் மணற்பாங்கான கரையில் அந்நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பதை அறியும் உரிமை கரைவலை இழுப்போர்க்கு உண்டு.

நிலைமை இவ்வாறிருக்க, ஏறாவூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கும், இலங்கையின் ஏனைய கலைப்பீடங்களிலும், சர்வதேச வணிகம் என்றால் இங்கிலாந்தின் துணியும் போர்த்துக்கலின் வைனுமே இன்றும் உதாரணம். 1817-இல் ரிக்காடோ எழுதிய அவ்வுதாரணத்தை ஒப்புவித்துத் தேறுவோர்க்கு, தம் அயலூரில் நெய்த துணி ஏன் வீழ்ந்தது என்பது பாடமாவதில்லை. இங்கிலாந்தின் துணி என்று படிக்கும்போதுகூட, அத்துணிக்காக 1934-இல் இந்நாட்டுச் சபையின் வாக்கு மிதிக்கப்பட்ட கதை விரிவுரையில் வருவதில்லை.

பிரித்தானியா தன் இறைமையை மீட்டது, நாமும் அவ்வாறே எல்லா நிபந்தனைகளையும் உதறுவோம் என்று முழங்கும் ஒரு கூட்டம் இங்கு உண்டு. விலகிய பிரித்தானியாவுக்குத் தன் சந்தை கையில் இருந்தது. விதியை எழுதும் பேனாவும் இருந்தது. பிறர் சந்தையிற் கடை விரித்திருப்பவன் உதறும்போது கீழே விழுவது அவன் கடையே. மறுபுறம், சலுகை இருக்கும்வரை எதுவும் பேசற்க என்று அடக்குவோரும் உளர். அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றே: மூலநாட்டு விதி, வலயத்துக்கான நிலவளவு, நீர்த்தேவை, கழிவு நீர் வழி ஆகியவை பற்றிய பத்திரங்கள் தமிழில் எழுதப்பட்டு ஏறாவூர் நகர சபையிலும் பிரதேச செயலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு எப்போது வைக்கப்படும்?