தைலப் புட்டியில் என்ன இருக்கிறது?

மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குக் கழுத்து வலி. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு முழங்கால் வலி. பெங்களூர்க் குளிர் இம்மூன்றையும் அதிகமாக்கும். பிழைப்புக்காக இங்கு வந்த தமிழர்களின் வீடுகளில் ஒரு தைலப் புட்டியாவது இல்லாத வீடு அரிது. அந்தப் புட்டி எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்தாம் மிகச் சிலர்.

எண்ணெயையும் நெய்யையும் மருந்தாக்குவது ஆயுர்வேதத்தில் பெரிய கலை. சித்த மருத்துவத்திலும் அப்படியே. சாரங்கதர சம்ஹிதை கூறும் பொதுக் கணக்கு இது: அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் அல்லது நெய் 4 பங்கு, கஷாயம், பால் போன்ற திரவம் 16 பங்கு. ஒரு லிட்டர் தைலம் வேண்டுமானால் கால் கிலோ விழுதும் 4 லிட்டர் கஷாயமும் சேர வேண்டும். அந்த 4 லிட்டர் கஷாயமே 16 லிட்டர் தண்ணீரில் மூலிகையை இட்டு, கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி எடுப்பதுதான். இவ்வளவையும் ஒரே நாளில் காய்ச்சி முடிக்கக் கூடாது என்பதும் நூலின் கட்டளை. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மறுநாளும் மூட்ட வேண்டும்.

பதம் பார்ப்பதில்தான் வைத்தியரின் கை தெரியும். விழுதை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் ஈரம் இன்னும் மிச்சம் என்று பொருள். ஈரம் நின்ற தைலம் நாளடைவில் கெட்டுவிடும். எண்ணெயானால் பதம் வரும்போது நுரை கிளம்பும். நெய்யானால் நுரை அடங்கும். மூக்கில் விடுவதற்கு இளம்பதம், உள்ளுக்குச் சாப்பிட நடுப்பதம், மேலே தேய்க்க முதிர்பதம் என்று பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு வைத்தியர்கள் மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணல் பதம் என்று சொல்வதும் இந்தப் பக்குவங்களைத்தான். க்ஷீரபலா தைலத்தில் 101 முறை திரும்பத் திரும்பக் காய்ச்சும் வகையும் உண்டு. அதைச் சொட்டுக் கணக்கில்தான் கொடுப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்ச வேண்டிய சரக்கு, மளிகைக் கடையில் விற்கும் வெறும் நல்லெண்ணெயை விட மலிவாக நடைபாதையில் கிடைக்கிறது என்றால் என்ன அர்த்தம்? கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் புட்டியில் நல்லெண்ணெய் இருக்க வழியில்லை. மலிவான வேறு எண்ணெயோ, மண்ணெண்ணெய் வம்சத்தைச் சேர்ந்த பாரஃபின் எண்ணெயோ, அதோடு கொஞ்சம் பச்சைச் சாயமும் கற்பூர வாசனையும்தான் இருக்கக்கூடும். தேய்த்தவுடன் சுரீரென்று சூடு ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். கற்பூரமும் புதினா உப்பும் எந்த எண்ணெயில் கலந்தாலும் அந்த உணர்ச்சியைத் தரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் 1964இல் சேர்க்கப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் இம்மருந்துகளை விற்பனைக்குத் தயாரிக்கக் கூடாது. லேபிளில் லைசென்ஸ் எண், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்ந்துள்ள சரக்குகளின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். பிற்காலத்தில் காலாவதித் தேதியும் கட்டாயமாயிற்று. ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. தம்மிடம் வரும் நோயாளிக்கென்று தாமே மருந்து செய்யும் வைத்தியருக்கு லைசென்ஸ் தேவையில்லை. இது நியாயமான விலக்குதான். கிராமத்து வைத்தியர் பிழைக்க வேண்டும். இன்னொன்று, ஆயுர்வேத மருந்தை விற்பதற்கு, தயாரிப்பதற்கு வேண்டியதைப் போன்ற லைசென்ஸ் எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்குக் கடையிலும் விற்கலாம், தள்ளுவண்டியிலும் விற்கலாம். முதல் விலக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டாவது வாசல் வழியாக நுழைகிறவர்கள்தாம் நடைபாதை வைத்தியர்கள்.

1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமும் இருக்கிறது. நீரிழிவு, பக்கவாதம், கீல்வாதம், உடற்பருமன் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. தெருவில் மெகாபோன் வைத்துக் கூவுகிறவருக்கும், செல்போன் திரையில் மினுக்குகிறவருக்கும் இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது போலும்.

பக்கவாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறியவுடன் 'வாயு பிடித்துவிட்டது' என்று தைலத்தைத் தேடும் வழக்கம் தொழிலாளர் குடியிருப்புகளில் இன்னும் மறையவில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தைத் தைலம் தேய்த்துக் கழித்துவிட்டால் போன கை போனதுதான். தைலத்துக்கு இதில் இடமே இல்லை என்பதல்ல. ஆபத்து நீங்கிய பிறகு, தகுதியுள்ள வைத்தியரின் மேற்பார்வையில், உடற்பயிற்சியோடு சேர்த்துத் தேய்க்கலாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் எண்ணெய்.

நெய் மருந்துகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. வேம்பு, பேய்ப்புடல், சீந்தில், ஆடாதோடை, கண்டங்கத்தரி ஆகிய ஐந்து கசப்புகள் சேர்ந்த பஞ்சதிக்த கிருதம் தோல் நோய்களுக்குப் பேர்பெற்றது. நெய் தன் குணத்தை இழக்காமல், தன்னோடு சேரும் மருந்தின் குணத்தையும் ஏற்றுக்கொள்ளும் என்பது பழைய நூல்களின் கருத்து. கொழுப்பில் கரையும் சத்துகளை நெய் இழுத்துக்கொள்வது இன்றைய ரசாயனத்துக்கும் ஒத்த சங்கதியே. ஆனால் நெய் நெய்தான். அதன் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. இருதய நோய்க்காரரும், இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவரும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று காலையில் இரண்டு கரண்டி விழுங்குவது சரியல்ல.

பெயரால் வரும் குழப்பமும் உண்டு. 'பிரம்மி' என்று கேட்டால் கர்நாடகத்தில் பல இடங்களில் ஒந்தெலகாவை, அதாவது தமிழர்களின் வல்லாரையைக் கொடுப்பார்கள். ஆயுர்வேத நூலார் பிரம்மி என்று பொதுவாகக் கொள்வது நீர்ப்பிரம்மியை. அது வேறு செடி. சங்குபுஷ்பி என்றால் கேரளத்தில் ஒரு செடி, வடநாட்டில் வேறு செடி. கிரந்திகெ அங்கடியில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், தமிழ்ப் பெயரைச் சொல்லிச் சரக்கு வாங்கி வீட்டிலேயே காய்ச்ச நினைப்பவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. லேபிளில் தாவரவியல் பெயரைப் பார்ப்பது அதைவிட நல்லது.

2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. அவை உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகள், தைலங்கள் அல்ல. இதன் பிறகு ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. பாஸ்டன்காரர் வயிற்றின் மேல் பிறந்த அக்கறை ஸ்ரீராம்புரத்துக்காரர் வயிற்றின் மேலும் பிறக்கக் கூடாதா?

இத்தனைக்கும் பெங்களூரில் நல்ல வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. மெஜஸ்டிக்கிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஆனந்தராவ் சர்க்கிள் அருகே, தன்வந்திரியின் பெயரையே தாங்கிய சாலையில் ஜெயசாமராஜேந்திர இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் அங்கேயே. நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் ஆயுர்வேத ஆய்வு நடந்துவருகிறது. இ.எஸ்.ஐ. திட்டத்திலும் ஆயுர்வேத சிகிச்சைக்கு வழி செய்திருக்கிறார்கள். ஆனால் இவை இருப்பது, பிடித்தம் தவறாமல் செலுத்திவரும் தொழிலாளிக்கே பல சமயம் தெரிவதில்லை. ஆலை வாசலிலும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகளிலும் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் ஒரு அறிவிப்பு ஒட்டினால் செலவு அதிகமாகாது. தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாநில ஆயுஷ் துறையின் இன்ஸ்பெக்டர்கள் கம்பெனிகளில் மாதிரி எடுப்பதோடு நிற்காமல், சந்தைகளிலும் பஸ் நிலையங்களின் அருகிலும் விற்கும் லேபிள் இல்லாத புட்டிகளையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவைப் பத்திரிகைகளுக்குத் தர வேண்டும். சில்லறை விற்பனைக்கு ஒரு பதிவு முறையாவது கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும். அதுவரை, வாங்குகிறவர் லைசென்ஸ் எண்ணும் தேதியும் இல்லாத புட்டியைத் தொட வேண்டாம். தொட்டால் பில் கேட்கட்டும்.