சிறுகுளத்துச் சிரிப்பு

மேனாட்டு நகைச்சுவை நாவலைப் போல் தமிழில் உண்டா என்று கேட்பது நம் படித்த கத்தோலிக்கரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயின்ற நம் பிள்ளைகளுக்கு உட்ஹவுஸின் பிளாண்டிங்ஸ் மாளிகை தெரியும். தம் பன்றியின் எடையைத் தவிர உலகில் வேறெதிலும் அக்கறையில்லாத எம்ஸ்வொர்த் பிரபுவையும், அவருடைய பீச் என்னும் பணியாளரையும் தெரியும். 1915-இல் தொடங்கி அறுபது ஆண்டுகள் எழுதப்பட்ட அக்கதைகளை நானும் படித்துச் சிரித்தவனே. ஆனால் மதுரைச் சீமையிலேயே பிறந்த ஒரு பெரிய வீட்டுக் கதையை அதே பிள்ளைகள் கேள்விப்பட்டதுகூட இல்லை என்றால், குறை பிள்ளைகளுடையதன்று, கற்பிக்கும் நம்முடையது.

வத்தலக்குண்டு இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 1872-இல் பிறந்த ராஜம் ஐயர், இருபத்தோரு வயதில் ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாத இதழில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை அது தொடராக வந்தது. சிறுகுளம் என்னும் மதுரை ஜில்லாக் கிராமம். அதில் செல்வமும் செல்வாக்கும் உள்ள முத்துஸ்வாமி ஐயரின் வீடு. மனைவி கமலாம்பாள், மகள் லட்சுமி, தம்பி, பொறாமை பிடித்த தம்பி மனைவி பொன்னம்மாள். கூடவே, செய்யுளை மூட்டை மூட்டையாகச் சுமந்துகொண்டு உலக நடப்பில் குழந்தையாகத் திரியும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர். எம்ஸ்வொர்த் பிரபுவுக்குப் பக்கத்தில் இவரை நிறுத்தினால், எனக்கு இவரே நெருக்கமானவர். இத்தகைய ஆசிரியரிடம் தமிழ் படித்த தலைமுறை நாங்கள்.

உட்ஹவுஸைப் போற்றிய கத்தோலிக்க எழுத்தாளர் ஈவ்லின் வா, 1961-இல் ஒரு வானொலிப் பேச்சில் ஆழ்ந்த கருத்தொன்றைச் சொன்னார். ஆதாமின் வீழ்ச்சி நிகழாத உலகம் உட்ஹவுஸின் உலகம் என்பது அதன் சாரம். புகழ்ச்சியாகச் சொன்னார், சரியாகவும் சொன்னார். பிளாண்டிங்ஸில் பொய்ப் பெயரோடு வருவோர் உண்டு, பன்றியைத் திருடுவோர் உண்டு, பாவம் மட்டும் இல்லை. எவருடைய பொய்யாலும் எவரும் அழிவதில்லை. அங்கே சிரிப்பு ஏதேனில் சிரிப்பு.

நாம் வாழ்வதோ ஏதேனுக்கு வெளியே. ராஜம் ஐயர் அதை அறிந்தவர். ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் இடங்களை அவர் எழுதியிருக்கும் விதத்தில் வாய்விட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியாது. நாமும் அந்த வட்டத்தில் ஒருவராக அமர்ந்து கேட்கிறோம். ஆனால் நம்மைச் சிரிக்க வைத்த அதே நாக்குகளே பிறகு கமலாம்பாளின் ஒழுக்கத்தின்மேல் பழியைக் கட்டுகின்றன. மகனையும் செல்வத்தையும் இழந்து நிற்கும் கணவனின் செவிக்கு அப்பழி எட்டுகிறது; அவர் வீட்டைத் துறந்து போகிறார். இந்நாவலுக்கு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்று மற்றொரு பெயரும் உண்டு. வம்பும் அவதூறும் இருவேறு பொருள்கள் அல்ல, ஒன்றே முற்றி மற்றதாகிறது என்பதை எட்டாம் கட்டளையைப் பற்றிய என் மறையுரைகளைவிட இந்த நூல் தெளிவாகக் காட்டுகிறது. யாக்கோபின் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பதைப் பற்றிச் சொல்கிறதே, அந்த நெருப்பு முதலில் எவ்வளவு இதமாகக் குளிர்காய உதவுகிறது என்பதை ராஜம் ஐயரிடம் காணலாம்.

நம் பங்குகளில் இது கதையன்று. ஒரு பெண்ணின் வரன் தட்டிப்போவதும், கணவன் வெளியூரில் வேலை செய்யும் மனைவி கோவிலுக்கு வரவே கூசுவதும் எங்கே தொடங்குகின்றன? பூசை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று ‘சும்மா விளையாட்டுக்கு’ச் சொன்ன ஒரு சொல்லில். ஒப்புரவு அருட்சாதனத்தில் கோபத்தை அறிக்கையிடுவோர் பலர். புறங்கூறியதைச் சொல்வோர் மிகச் சிலர். அது பாவமென்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை, சிரித்துக்கொண்டே செய்ததால்.

இதைக் கேட்டதும் சில பக்திமான்கள், ஆகவே சிரிப்பே ஆபத்து, நாவலே வேண்டாம், புனிதர் வரலாறு போதும் என்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. நகைச்சுவையை அளவோடு பேணுவதை நற்பண்பாகவே புனித தோமா அக்குவினார் கருதினார். தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவனிடம் குற்றம் கண்டார். ‘பரமார்த்த குருவின் கதை’யை எழுதியவர் யார்? நம் வீரமாமுனிவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு ஒரு குருவை ஆற்றங்கரையில் நிறுத்தி, குருமாரையே கேலிக்கு உள்ளாக்கிய துறவி அவர். 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் நம்மவரே. முதல் தமிழ் நாவலாசிரியர் என்று அவருக்கு மாலை போடுகிறோம். அந்நூல் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு மூட்டுவது என்று அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ராஜம் ஐயரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிற்பகுதியில் வேதாந்தம் மேலோங்கச் சிரிப்பு வற்றிவிடுகிறது. சிறுகுளத்து வீட்டுக்கு நெல் அளந்தவர்கள், அதன் வயலில் குனிந்து நின்றவர்கள், பெரும்பாலும் நம் கண்ணில் படுவதேயில்லை. பிளாண்டிங்ஸ் மாளிகையில் பணியாளர் பீச்சுக்கு ஒரு பெயரும் மனமும் கண்ணியமும் உண்டு. அந்த வயல்களில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று நம் பங்கு மக்கள்; எங்கள் பாட்டன் அக்கதையில் எங்கே என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்பதற்கும் முதலில் படிக்க வேண்டும்.

ராஜம் ஐயர் 1898-இல், இருபத்தாறு வயதில் மறைந்தார். ஒரே நாவல். நம் பள்ளி நூலகங்களில் பிளாண்டிங்ஸ் நூல்களை அடுக்கி வைத்திருக்கும் தலைமையாசிரியர்கள் அவற்றை எடுத்துவிட வேண்டாம். பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டால் போதும், சிறுகுளம் அதில் அடங்கிவிடும்.