பாழடைந்த வீடும் ஒரு காமிராவும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் கறிக்கடைக்கு. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இடிந்த கட்டடங்களைத் தேடிக் கிளம்பும் கூட்டமும் இப்போது பல நகரங்களில் உண்டு. மூடிய ஆலை, கைவிட்ட ரயில்வே குடியிருப்பு, வாரிசுகள் வழக்குப் போட்டதால் பூட்டிக் கிடக்கும் பங்களா. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே படம்தான்: காரை பெயர்ந்த சுவர், அதைப் பிளந்து இறங்கும் ஆலமர வேர், உடைந்த ஜன்னல் வழியே விழும் வெயில். அழகுக்குக் குறைவில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு என்றுதான் தெரியாது.

இடத்தை மறைக்க அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதே. வெளியே தெரிந்தால் தேக்குக் கதவு அடுத்த வாரம் இருக்காது. பழைய தூணுக்கும் நிலைக்கும் என்ன கிராக்கி என்பது காரைக்குடியின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வேறு. தன் நோட்டில்கூடக் குறித்து வைக்காதது வேறு.

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களே காணாமல் போகும் நாடு இது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்த்ததில் 92 இருந்த இடத்தில் இல்லை என்று 2013-ல் அறிக்கை வந்தது. பிறகு தேடியதில் 42 கிடைத்தன. மீதி 50-ல் 14 நகர வளர்ச்சிக்குப் பலியானவை, 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கியவை. 24 எங்கே போயின என்றே தெரியவில்லை. டெல்லியின் பாராகம்பா கல்லறைத்தோட்டம், ஹரியானாவில் முஜேசர் கிராமத்தில் நின்ற மொகலாயர் காலத்து மைல்தூண் உட்பட 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க 2024 மார்ச்சில் தொல்லியல் துறை முடிவெடுத்தது. கல்லறைத்தோட்டமே தொலைந்துபோகிறது என்றால் செத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை.

இவை தொலைந்தது தெரிந்ததாவது பட்டியல் இருந்ததால்தான். ஆலைக்கும் சினிமா கொட்டகைக்கும் யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள்? மும்பையில் 1982-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் பல ஆலைகள் எழுந்திருக்கவே இல்லை. பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம். தறி எங்கே ஓடியது, சாப்பாட்டு வேளையில் தொழிலாளி எங்கே உட்கார்ந்தான் என்று பேரன் கேட்டால் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டும். ஜன்னல் வெயில் படம் அதற்கு உதவாது.

சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரரான லினேயஸ் ட்ரைப் மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் படமெடுத்தபோது அது பாழடைந்துதான் கிடந்தது. அந்தப் படங்கள் 1858-ல் விளக்கக் குறிப்புகளோடு தொகுப்பாக வெளிவந்தன. 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்தப் படங்கள்தான் சாட்சி.

ட்ரைப் பெரிய காமிராவையும் ரசாயனங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும். கட்டடத்தின் நான்கு பக்கமும், தெருவோடு சேர்த்து ஒன்று, பெயர்ப்பலகை மிச்சமிருந்தால் அது, தேதி, இடம். உளுத்த மாடிப்படியில் ஏறிக் காலை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை. யாரும் பாராட்டாத சப்பென்ற படங்கள்தான். எடுக்க அரை மணி ஆகும்.

தெருவைச் சேர்த்து எடுக்கச் சொன்னால் பலருக்கும் கசக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதாகோயில் சுவர்களை அவர்கள் எடுக்கும் விதத்தைப் பார்க்கலாம். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் கூட்டத்துக்குக் குறைவில்லை. படத்தில் மட்டும் ஒரு ஆள் தெரியக்கூடாது. சங்கு, சோழி விற்கும் கடையும் அந்தப் பக்கம் குடிசை போட்டு மீன் பிடிப்பவர்களும் ஓரத்தில் வெட்டப்படுகிறார்கள். அடியில் ‘ஆளில்லாத ஊர்’ என்று தலைப்பு.