சிறு பணயமும் பெருங் கணக்கும்

இணையத்தில் பணம் வைத்து ஆடப்படும் கடதாசி ஆட்டங்கள் திறமையின்பாற்பட்டவையா, அதிர்ஷ்டத்தின்பாற்பட்டவையா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட போதிலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. அவை திறமை சார்ந்தவை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே புறந்தள்ளி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவ்விரு நிலைப்பாடுகளையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுமாயின், ஆட்டத்தின் கணக்கை முதலில் விளங்கிக் கொள்ளுதல் அவசியமாகும்.

போக்கரில் திறமை என்பது பெருமளவில் பணயத்தின் அளவைத் தீர்மானிப்பதிலேயே தங்கியுள்ளது. நடுவில் 100 ரூபா இருக்கையில் ஒருவர் 50 ரூபா பணயம் வைக்கின்றார் எனக் கொள்வோம். எதிராளி 50 ரூபா செலுத்தி 150 ரூபாவை வெல்ல முயல்கின்றார். நான்கு தடவைகளில் ஒரு தடவை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. அதுவே 100 ரூபா பணயமாயின் மூன்றில் ஒரு தடவை வெல்ல வேண்டும். மறுபுறத்தில், வெறுங்கையுடன் மிரட்டுபவர் 50 ரூபா வைத்தால் மூன்றில் ஒரு தடவையும், 100 ரூபா வைத்தால் இரண்டில் ஒரு தடவையும் எதிராளி விலகிச்செல்ல வேண்டும். சிறு தொகைக்கு ஆடுவோர் இலகுவில் விலகுவதில்லை. ஆதலால் அங்கு மிரட்டலைக் குறைத்து, நல்ல கடதாசி கிடைக்கும்போது பெரிதாகப் பணயம் வைப்பதே சிறந்ததென அனுபவசாலிகள் கூறுகின்றனர். இது தவறான அறிவுரையன்று. திறமைக்கு இடமுண்டு என்ற நீதிமன்றத்தின் கருத்தும் ஆதாரமற்றதன்று.

ஆயினும், இக்கணக்கில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கின்றார் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம், நடுவில் சேரும் தொகையிலிருந்து ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றது. அப்பங்கு 5 சதவீதம் எனக் கொள்வோம். சம திறமையுள்ள இருவர் தலா 1000 ரூபாவுடன் அமர்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் 40 ரூபா சேருமாயின் நிறுவனத்துக்கு 2 ரூபா செல்லும். இவ்வாறே தொடர்ந்தால் ஆயிரம் ஆட்டங்களில் இருவரின் 2000 ரூபாவும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். மணித்தியாலத்துக்கு 60 ஆட்டங்கள் என்று கணக்கிட்டால் இதற்குப் பதினேழு மணித்தியாலங்கள் போதும். இருவரில் எவரும் தவறிழைக்கவில்லை, எவரும் வெல்லவுமில்லை. சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்போருக்கு மட்டும் உரிய முதுமொழியன்று.

பெருந்தொகை ஆட்டங்களில் இந்த அறவீட்டுக்கு ஓர் உச்ச வரம்பு இருப்பது வழக்கம். சிறு தொகை ஆட்டங்களில் அந்த வரம்பை எட்டும் சந்தர்ப்பமே அரிது. எனவே, விகிதாசாரப்படி பார்த்தால் அதிகம் செலுத்துபவர் குறைந்த வசதியுடையவரே. 'சிறிதாகத்தானே ஆடுகின்றோம்' என்ற ஆறுதல் எவ்வளவு பொய்யானது என்பது இதிலிருந்து புலனாகும்.

இதைவிடப் பாரதூரமான மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2003 இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடைபெற்ற உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில், இணையத் தகுதிச் சுற்றின் வழியாக வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 இலட்சம் டொலரை வென்றார். சாதாரண மனிதரும் வெல்லலாம் என்ற நம்பிக்கை அன்று உலகெங்கும் பரவியது. ஆனால் 2017 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணனி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரரை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019 இல் அதே பல்கலைக்கழகமும் பேஸ்புக் நிறுவனமும் உருவாக்கிய புளூரிபஸ், அறுவர் ஆடும் ஆட்டத்திலும் வல்லுநரை விஞ்சியது. பணய அளவைத் துல்லியமாகக் கணிக்கும் மென்பொருள்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. கையடக்கத் தொலைபேசியில் ஆடும் இளைஞருக்கு, திரைக்கு அப்பால் இருப்பவர் மனிதரா என்பதை அறியும் வழிகூட இல்லை.

எனவே, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி சட்டத்துக்குப் போதுமான உரைகல் அன்று என்பதே எமது கருத்து. திறமை இருந்தும் பெரும்பான்மையோர் தோற்கும் வகையில் ஓர் ஆட்டம் அமையக்கூடும். முழுமையான தடை, ஆட்டத்தைக் கடல் கடந்த இணையத்தளங்களுக்கு விரட்டிவிடும் அபாயமுண்டு. தடையின்றி விடுவதோ வறியவரின் பணத்தைத் துளித்துளியாக உறிஞ்ச அனுமதிப்பதாகும்.

இலங்கையிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கான அதிகார சபையை நிறுவும் சட்டம் 2025 இல் நிறைவேற்றப்பட்டுள்ளது. இணையச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் வருகின்றது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனம் அறவிடும் தொகையும், ஆடுபவர் மாதமொன்றில் இழந்த மொத்தத் தொகையும் அவரது கண்முன்னே காட்டப்படுவதைக் கட்டாயமாக்குவது இத்தகைய சட்டங்களின் முதற்பணியாக இருத்தல் வேண்டும். வரி வருமானத்தை மட்டும் எண்ணிப் பார்க்கும் அரசும், ஆட்டத்தில் பங்கு எடுக்கும் மற்றுமொரு கையாகவே ஆகிவிடும் என்பதை ஆட்சியாளர் மறந்துவிடலாகாது.