எல்லாருக்கும் என்றால் சிலுவை எதற்கு?

டெல்லி மயூர் விகாரில் எங்கள் தமிழ் வேதபாடக் குழுவில் போன வாரம் ஓர் அண்ணன் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்றால் சிலுவை எதற்கு? ஊழியம் எதற்கு? இந்தப் பேச்சே இங்கே வேண்டாம்."

வேண்டும் அண்ணே. சிலுவையின் இரத்தத்தால் சகலத்தையும் ஒப்புரவாக்கினார் என்று கொலோசெயர் நிருபம்தான் சொல்கிறது. சிலுவை இல்லாமல் அந்த நம்பிக்கையே இல்லை. நித்திய ஆக்கினையைச் சொல்லும் மத்தேயு 25-ஐ நீங்கள் காட்டினீர்கள். அதை நானும் நடுக்கத்தோடுதான் வாசிக்கிறேன். ஆனால் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பிய 4-ஆம் நூற்றாண்டு ஆயர் நிசா கிரகோரியைச் சபை பரிசுத்தவானாகத்தான் போற்றுகிறது.

ஊழியம் நின்றுவிடுமா? சாது சுந்தர்சிங்கைப் பாருங்கள். பாளையங்கோட்டைக்காரரான ஏ.ஜே. அப்பாசாமி, இறையியலாளர் ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து 1921-இல் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தேவ அன்பு நரகத்திலும் வேலை செய்கிறது என்று சாது சொன்னது பதிவாகியிருக்கிறது. சாதுவின் தாய் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தவர். பரலோகத்தில் அம்மா இல்லையென்றால், அவள் இருக்கும் இடத்துக்கே என்னை அனுப்பும் என்று கேட்பேன் என்றார் அந்த மகன்.

நம் குழுவிலும் இந்து அம்மாவை நிகம்போத் காட் மயானத்தில் தகனம் செய்துவிட்டு வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். நீங்கள் பேசும்போது அவன் தலை குனிந்தே இருந்தது. அவன் கேள்வியை எங்கே போய்க் கேட்பான்?

கிருபை நரகம்வரை எட்டும் என்று நம்பிய அந்தச் சாது வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சுவிசேஷத்தோடு 1929-இல் மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வரவில்லை.