மலிவுச் சாவியும் மாறாத வாடகையும்

சித்தூரில் நீதிமன்றத்தையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் நம்பி நடக்கும் டிடிபி கடைகளில் தெலுங்கும் தமிழும் ஒரே மேசையில் அச்சுக்கோக்கப்படுகின்றன. மனு, பத்திர நகல், திருமண அழைப்பிதழ், சங்கத்தின் சுவரொட்டி என எல்லாவற்றுக்கும் அதே பழைய கணினிதான். திருப்பதியில் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பிழைக்கும் கடைகளின் நிலையும் வேறன்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அன்று முதல் இத்தகைய கடைகளின் வாசலில் ஒரு புதிய செலவு வந்து நிற்கிறது. விண்டோஸ் 11-இன் சில்லறை விலை 10,000 ரூபாய்க்கு மேல். ஆனால் அதற்குரிய ‘லைசென்ஸ் கீ’, அதாவது உரிமச் சாவி, இணைய அங்காடிகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பணம் செலுத்திய சில நிமிடங்களில் எழுத்தும் எண்ணுமாக 25 குறிகள் வந்துசேர்கின்றன. கணினியும் அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் சில நூறுக்கு எவ்வாறு விற்கப்படுகிறது? அது முறையானதா? கடைக்காரர் மட்டுமன்றி, தொழிற்சங்க அலுவலகங்களும் கட்சிக் கிளைகளும் விடை காணவேண்டிய வினாக்கள் இவை.

சாவி வரும் வழிகள்

ஒரே மென்பொருளுக்கு நிறுவனமே பல விலைகளை வைத்திருக்கிறது. சில்லறை உரிமம் ஒன்று. புதிய கணினியோடு சேர்த்து உற்பத்தியாளர் மூலம் வரும் ஓஇஎம் உரிமம் மற்றொன்று. இது அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் மொத்தமாகப் பெறும் தொகுதி உரிமத்தில் ஒரே சாவி பல நூறு கணினிகளில் இயங்கும். மாணவர்க்கும் கல்வி நிலையங்களுக்கும் குறைந்த விலை; நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை.

மலிவுச் சாவிகள் பெரும்பாலும் இந்த வேறுபாடுகளின் இடுக்குகளிலிருந்தே வெளிவருகின்றன. பழைய இரும்புக்குப் போன கணினிகளின் சாவிகள் பெயர்த்தெடுக்கப்படுகின்றன. நிறுவனமொன்றின் தொகுதிச் சாவியில் மீதமுள்ள எண்ணிக்கையை உள்ளிருப்பவரே வெளியே விற்கிறார். மாணவர் பெயரில் பெறப்பட்டவை வணிகத்துக்கு வருகின்றன. விலை குறைந்த நாட்டில் வாங்கியவை விலை கூடிய நாட்டில் விற்கப்படுகின்றன. திருடப்பட்ட வங்கி அட்டையைக் கொண்டு வாங்கிய சாவிகளும் இவற்றுள் உண்டு. அட்டைக்குரியவர் விழித்துக்கொண்டு வங்கி பணத்தைத் திரும்பப் பெறும்போது சாவி முடக்கப்படும். விற்றவர் அதற்குள் காசைப் பார்த்துவிடுவார்; இழப்பு கடைசியில் வாங்கியவர் தலையில்.

எனவே, ‘கணினி ஏற்றுக்கொண்டது, ஆகவே சாவி உண்மையானது’ என்ற வாதம் நிற்காது. நிறுவனத்தின் சேவையகம் எண் சரியா, எண்ணிக்கை மிஞ்சவில்லையா என்று மட்டுமே பார்க்கிறது. அந்த எண் யாருக்கு, எந்த நிபந்தனையில் வழங்கப்பட்டது என்பதை வாங்குபவர் அறியார். இயங்குகிறது என்பது உரிமை உண்டு என்பதற்குச் சான்றாகாது.

தள்ளுபடி எல்லாமே மோசடி என்பதும் சரியன்று. புதிய கணினியோடு வருவது, கல்விச் சலுகையில் உரியவரே பெறுவது, அங்கீகாரம் பெற்ற முகவர் ஜிஎஸ்டி பட்டியலோடு விற்பது ஆகியவை முறையானவை. விற்பவரின் பெயர், உரிமத்தின் வகை, முறையான பட்டியல் ஆகிய மூன்றும் இல்லாத சாவியை முறையானதென்று கொள்ள இடமில்லை.

ஒரே பொருள், மூன்று முகங்கள்

இந்தியச் சட்டத்தின் கண்ணில் கணினி நிரல் ஓர் ‘இலக்கியப் படைப்பு’. கவிதைக்கும் நாவலுக்கும் உரிய பதிப்புரிமையே அதற்கும் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995-இல் இதை உலக விதியாக்கியது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் புகுந்த 63பி பிரிவு, மீறல் நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். தொழிலுக்காகப் பயன்படுத்தும் கடைக்காரருக்கு அச்சலுகை இல்லை.

வாங்குபவரிடம் இத்தனை கடுமை காட்டப்படுகிறது. அவர் வாங்குவது என்ன என்பதிலோ தெளிவே இல்லை. 2004 நவம்பர் 5 அன்று, டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்திற்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், கடையில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் ஒரு ‘பண்டம்’. அதற்கு விற்பனை வரி உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரத்தின் வரிச் சட்டத்திலிருந்து எழுந்த வழக்கு அது. 2021 மார்ச் 2 அன்று வேறொரு தீர்ப்பில், அயல்நாட்டு மென்பொருள் நிறுவனங்களுக்கு இந்தியப் பயனர்களும் விநியோகஸ்தர்களும் செலுத்தும் தொகை ‘ராயல்டி’ ஆகாது. ஆகவே அதில் வருமான வரி பிடித்தம் செய்யவேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் கூறியது. விற்பனை வரிக்கு அது பண்டம். பன்னாட்டு நிறுவனத்தின் வருமான வரிக்கு அது ராயல்டி அல்ல. ஆனால் வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்க முற்பட்டாலோ, ‘உனக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்பட்டது’ என்கிறது உரிம ஒப்பந்தம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று, காலவரையறையின்றி விற்ற மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கும், முதலில் வாங்கியவர் தம் நகலை அழித்தாக வேண்டும். தொகுதி உரிமத்தைக் கூறுபோட்டு விற்கக்கூடாது. இணைய அங்காடிச் சாவிகளுள் பல இந்நிபந்தனைகளிலேயே தோற்றுவிடும். சித்தூர் கடைக்காரருக்கோ அந்தத் தீர்ப்பு கவசமாகாது.

விலையன்று, வாடகை

ஒரு மேசையை இரண்டாம் முறை செய்ய மீண்டும் மரமும் உழைப்பும் வேண்டும். மென்பொருளின் இரண்டாம் நகலுக்கு ஏறக்குறைய எதுவும் வேண்டியதில்லை. முதல் நகலை உருவாக்கப் பொறியாளர்களின் பேருழைப்பு தேவைப்பட்டது உண்மை. ஆனால் கோடிக்கணக்கான நகல்களுக்குத் தனித்தனியே வசூலிக்கப்படும் தொகை அந்த உழைப்பின் கூலியாக நின்றுவிடவில்லை. வேலி போட்டவருக்குச் செலுத்தும் வாடகையாக அது வளர்ந்துவிட்டது. ஒரே மென்பொருள் மாணவருக்கு ஒரு விலை, கடைக்காரருக்கு ஒரு விலை என்று விற்கப்படுவதே, அவ்விலை உற்பத்திச் செலவிலிருந்து பிறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 2013-இல் அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மாற்றியபோது இந்த உண்மை வெளிப்படையாயிற்று. வாடகை நின்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும்.

சாவியின் மலிவுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. செலவோடு தொடர்பற்ற விலை எங்கு நிலவுகிறதோ அங்கே கள்ளச் சந்தை முளைக்கும்.

சித்தூர் மாவட்டத்தின் கவுலு விவசாயி அறிந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். குத்தகைக்காரரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்து உழுபவருக்குப் பட்டா இல்லை, ரசீது இல்லை. வாரம் குறைவாக இருக்கலாம், ஆனால் எந்தப் பருவத்திலும் வெளியேற்றப்படலாம். மலிவுச் சாவியை வாங்குபவர் மென்பொருள் நிலத்தின் உள்குத்தகைதாரர்.

இது எதிர்ப்பாகுமா?

‘ஏகபோக நிறுவனத்தை ஏமாற்றினால் என்ன தவறு?’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது; அரசியல் தவறானது. 1998-இல் பில் கேட்ஸ், சீனத்தில் மென்பொருளைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவோரைக் குறித்துப் பேசுகையில், திருடுவதாயின் எங்களுடையதையே திருடட்டும், பழகியபின் வசூலிக்க வழி காண்போம் என்ற பொருளில் வெளிப்படையாகவே கூறினார். கள்ள நகல் ஏகபோகத்தின் எதிரியன்று, அதன் நாற்றங்கால். திருட்டு நகலில் பழகிய கை, நாளை சம்பளத்தில் அதையே வாங்கும். மலிவுச் சாவியிலோ பணம் மைக்ரோசாஃப்டுக்கும் போவதில்லை, பொறியாளருக்கும் போவதில்லை, இடைத்தரகருக்கே போகிறது.

சங்க அலுவலகங்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. சாவிக்குப் பதிலாக ‘ஆக்டிவேட்டர்’ என்ற பெயரில் இறக்கப்படும் நிரல்கள் பாதுகாப்பு மென்பொருளை அணைக்கச் சொல்கின்றன. அவற்றோடு உளவு நிரல்களும் நுழையக்கூடும். உறுப்பினர் பட்டியலும் வேலைநிறுத்தத் தயாரிப்பும் இருக்கும் கணினியை அறியாதவர் கையில் ஒப்படைப்பது, அலுவலகச் சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

வேலியில்லா நிலம்

மாற்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும் 1991-இல் பிறந்த லினக்ஸ் கருவும் சேர்ந்து, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளைத் தந்தன. கேரளப் பள்ளிகள் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே அதற்கு மாறிப் பல ஆண்டுகளாகின்றன; அங்கே மாணவர் கற்பதும் தேர்வெழுதுவதும் அதில்தான். தெலுங்கு மண்ணில் ‘சுவேச்சா’ அமைப்பு தெலுங்கிலேயே இயங்குதளத்தை உருவாக்கியது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டத்தின் வழியே மென்பொருளுக்குக் காப்புரிமைக் கதவைத் திறக்க முயன்றது மத்திய அரசு. 2005-இல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் கொடுத்த அழுத்தத்தால் அத்திருத்தம் கைவிடப்பட்டது. ஆகவே இது நம் இயக்கத்திற்குப் புதிய களமன்று.

தடைகளை மறைக்க வேண்டியதில்லை. டிடிபி கடைகளின் பழைய கோப்புகள் பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் உள்ளன. தெலுங்குக்கு அனு எழுத்துரு, தமிழுக்குப் பல பழைய குறியேற்றங்கள் என ஒருங்குறிக்கு வெளியே கிடக்கின்றன. அச்சகமும் அதே வடிவத்தையே கேட்கிறது. ஒரே இரவில் மாறச் சொன்னால் கடைக்காரர் பிழைப்பு போகும். ஆனால் சங்க அலுவலகத்திற்கு அக்கட்டாயம் இல்லை. கடிதமும் தீர்மானமும் கணக்கும் லிப்ரே ஆஃபிஸில் இன்றே எழுதலாம்; விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியிலும் லினக்ஸ் ஓடும். ஒவ்வோர் இடைக்குழு அலுவலகத்திலும் ஒரு கணினியை முதலில் மாற்றுவது, சுற்றறிக்கைகளை ஒருங்குறியில் மட்டுமே அனுப்புவது, மாணவர், வாலிபர் சங்கத் தோழர்களைக் கொண்டு அருகிலுள்ள டிடிபி கடைகளுக்குப் பயிற்சி தருவது ஆகியவை உடனே செய்யத்தக்கவை. அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கையும் ஒன்று உண்டு. 2015-இல் மத்திய அரசே திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. ஆந்திர அரசின் பள்ளிகளிலும் கிராமச் செயலகங்களிலும் அது நடைமுறைக்கு வர வேண்டும்.

சிறு கடைக்காரரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை எதிர்ப்போம். அதற்காக அவர் கையிலிருக்கும் கள்ளச் சாவியைப் புரட்சியின் ஆயுதமென்று போற்ற வேண்டியதில்லை. உள்குத்தகையில் வாரம் குறைவென்று மகிழும் இயக்கமன்று நம்முடையது. உழுபவருக்கே நிலம் என்று முழங்கியவர்கள், கணினி மேசையிலும் அதையே கேட்போம்.