வேலை முடிந்தால் வீடும் முடிய வேண்டுமா?

நான் பிறந்தது ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழ் ஆறு குடும்பம். வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. முன்வராந்தா எல்லோருக்கும் பொது. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ராத்திரி இருமினால் அம்மா எழுந்து சுக்குக் காப்பி போடுவார்.

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்தான் லயம் ஆனது. பீருமேட்டு மலைகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டிவந்து இந்த வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று பீருமேடும் தேவிகுளமும் கேரளத்தில் சேர்ந்தன. எங்கள் ஆட்கள் அதே லயத்தில் இருந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆனார்கள்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தருவது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பொங்கலுக்குப் பொங்கல் தன் காசில் சுண்ணாம்பு வாங்கி அந்தச் சுவரை வெள்ளையடித்தார். பின்புறம் சௌசௌ பந்தல் போட்டார். ஓய்வு பெற்றதும், அறையை ஒழித்துக் கொடுத்தால்தான் சர்வீஸ் காசு என்றார்கள். காய்த்துக் கிடந்த பந்தலை விட்டுவிட்டு இறங்கினோம்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து, இந்த வட்டாரத்தில் சில தோட்டங்கள் பூட்டப்பட்டன. கூலி நின்றது, கூரையைப் பழுதுபார்க்கவும் ஆளில்லை. ஒழுகும் இடத்தில் படுதாவைக் கட்டிக்கொண்டு ஜனம் அங்கேயே கிடந்தது. வேறு எங்கே போவார்கள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கியவர்கள் உட்பட 70 பேர் மடிந்தார்கள். லயத்தை எங்கே கட்டுவது என்று அதில் குடியிருப்பவர்களை எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை.

அரசு இனியாவது கேட்கட்டும். மண் சரியாத இடமாகப் பார்த்து, குடும்பத்துக்கு மூன்று சென்ட் நிலமாவது பட்டா போட்டுத் தரட்டும். தோட்டம் நடந்தாலும் பூட்டினாலும் அது அவர்களுடையதாக இருக்க வேண்டும். பட்டாவில் முதல் பெயர் பெண்ணுடையதாக இருக்கட்டும். இந்த மலையில் கொழுந்துக் கூடை சுமந்தது பெரும்பாலும் அவள் முதுகுதான்.